21-ஆம் பிரிவு விவாதம் தமிழில் கிடைக்குமா?

நண்பர்களே, ஒரு உதவி. நவம்பர் 26 அன்று எங்கள் வாசகர் வட்டத்தில் அரசியலமைப்புச் சட்டம் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். முகவுரையை வாசித்து, கைதட்டி, டீ குடித்துக் கலைவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆம் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதன்மேல் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒருவரைச் சிறையில் வைக்கும் சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்கலாமா? இல்லை, சட்டத்தில் உள்ள நடைமுறைப்படி பிடித்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதுமா? கேட்கலாம் என்றார் கே.எம். முன்ஷி. நம்ம அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்ப்பக்கம். அம்பேத்கர் இரண்டிலும் உள்ள ஆபத்தைச் சொல்லிவிட்டு முடிவைச் சபையிடமே விட்டார் (எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அது). அல்லாடி பக்கம்தான் ஜெயித்தது. 1950-இல், சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில் அதன் விளைவு தெரிந்தது: சட்டம் நியாயமானதா என்று பார்க்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் பார்வையை மாற்றியது.

ஆங்கிலத் தொகுதிகள் கையில் இருக்கின்றன. டிசம்பர் 6, 13 ஆகிய இரண்டு நாள் விவாதம் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? சுருக்கமாக இருந்தாலும் சரி. அந்த வாரத்துத் தமிழ்ப் பத்திரிகைப் பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது, மொபைலில் எடுத்த படம் போதும். அப்புறம், 22-ஆம் பிரிவின் தடுப்புக் காவல் (குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே, விசாரணையின்றிப் பிடித்து வைப்பது) விதிகளைப் பத்து நிமிடம் எளிதாக விளக்க வழக்கறிஞர் யாராவது போனில் பேசுவீர்களா?