பழைய ஆல்டிஸ்: நாலு இக்னிஷன் காயிலையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி:
வணக்கம். 2007இல் பதிவான டொயோட்டா ஆல்டிஸ் 1.6 வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வேண்டிய சிஓஇ உரிமத்தைப் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன், அதுவும் முடியப்போகிறது. கொஞ்ச நாளாக சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் ஏறும்போது மிதித்தால் இழுவை இல்லை, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. ஒரு பட்டறையில் பார்த்ததில் பி0303 என்று கோடு (பிழைக் குறியீடு) வந்தது. "பழைய வண்டி, நாலு காயிலும் போட்டுடுங்க, இஞ்செக்டரும் கழுவணும்" என்று 700 வெள்ளிக்கு மேல் கேட்கிறார்கள். ஆயுசு முடியப்போகும் வண்டிக்கு இவ்வளவு போட வேண்டுமா? வருடாந்திரச் சோதனை வேறு வருகிறது.

உட்லண்ட்ஸ்காரன்:
பேசாமல் எல்லை தாண்டி மலேசியாவின் ஜேபிக்கு (ஜொகூர் பாரு) ஓட்டிப் போய் மாற்றுங்கள். கூலி குறைவு. எல்லையில் பார்ப்பார்கள், முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர்:
உதறுகிற வண்டியைக் கொண்டுபோய் ஜேபி போகும் காஸ்வே பால நெரிசலில் நிறுத்தச் சொல்லாதீர்கள். விளக்கு சும்மா எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். கன்வர்ட்டர் போனால் அப்புறம் 700 வெள்ளியெல்லாம் சில்லறைக் காசு. சரிசெய்யும் வரை மிதிக்காமல் ஓட்டுங்கள், முடிந்தால் ஓட்டவே வேண்டாம்.

ஈசூன்வாசி தம்பி, அந்தக் கோடு மூன்றாவது சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போச்சு என்று சொல்லவில்லை. தீப்பொறி தரும் பிளக்காக இருக்கலாம், பெட்ரோல் பீய்ச்சும் இஞ்செக்டராக இருக்கலாம், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) குறைந்ததாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. எஞ்சின் நன்றாக ஆறட்டும். பெல்ட் பக்கத்தில் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். மூன்றின் காயிலை ஒன்றிலும், ஒன்றின் காயிலை மூன்றிலும் மாற்றிப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, கனெக்டர் ஒன்று, அவ்வளவுதான் வேலை. அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0301 என்று வந்தால் காயில்தான். பி0303லேயே நின்றால் காயிலுக்குக் காசு போடாதீர்கள், அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கனெக்டர் விஷயத்தில் மட்டும் பொறுமை. இத்தனை வருட எஞ்சின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் படக்கென்று உடையும். முதலில் கனெக்டரை உள்பக்கம் லேசாகத் தள்ளி, கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, அப்புறம் இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

காயிலை உருவியதும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் எஞ்சின் மேல்மூடியின் ரப்பர் அடைப்பு (வால்வு கவர் கேஸ்கெட்) கசிகிறது. அந்த எண்ணெய், காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையை ஊறவைத்துக் கெடுத்துவிடும். கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் அதே கதிதான். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்தது மாதிரி மெல்லிய கருப்புக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் மின்சாரம் நுனிக்குப் போகாமல் வழியிலேயே தாவுகிறது, அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள்.

கேலாங் கியர்:
ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'டென்சோ' (டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி) காயிலை நம்பாதீர்கள். பெட்டி அசல் மாதிரியே இருக்கும், உள்ளே இருப்பது போலி. இங்கே சிங்கப்பூரில் உபி (Ubi) வட்டாரத்து உதிரிபாகக் கடையில் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

ஈசூன்வாசி:
ஸ்பேனர் அண்ணே, சொன்னபடி மாற்றிப் போட்டேன். கோடு பி0301க்குத் தாவிவிட்டது! குழியில் எண்ணெய் இல்லை, ஆனால் நாலு பிளக்கும் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஒரு ரசீதும் கிடையாது. காயில் ஒன்று போதுமா, நாலா?

பழைய ஸ்பேனர்:
காயில் ஒன்று, பிளக் நாலு. பிளக் நுனி தேயத் தேய இடைவெளி அகலமாகும். அதைத் தாண்ட காயில் இன்னும் அதிக வோல்ட்டேஜ் எழுப்ப வேண்டும், சூடாகும், உள்ளே இன்சுலேஷன் வெடிக்கும். நிறையக் காயில் சாவது பிளக்கால்தான். தேய்ந்த பிளக்கை வைத்துக்கொண்டு நாலு காயில் போடுவது வீண்.

பத்து வருடம் வைத்துக்கொள்ளும் வண்டி என்றால் நாலும் போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம். நன்றாக இருக்கும் மூன்றில் ஒன்று பிறகு போனால் அதை அப்போது மாற்றிக்கொள்ளலாம், அரை மணி வேலை. இஞ்செக்டரைத் தொடவே வேண்டாம்.

இடைவெளி 1.1 மில்லிமீட்டர் உள்ள பிளக்கைக் கேளுங்கள். மாட்டும்போது கையால் மரையேற்றுங்கள், பிளக் ஏறும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், கோணலாக ஏறினால் தொலைந்தது. காயிலின் ரப்பர் உறையின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி தடவுங்கள். நெருப்பு பிடிக்காத இந்தக் கோளாறோடு (மிஸ்ஃபயர்) வருடாந்திரச் சோதனைக்குப் போகாதீர்கள், புகை அளவில் தள்ளிவிடுவார்கள்.