மறுமொழி: சார்ட்டர் விமானத்துக்கு ‘அமர்த்து விமானம்’

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து வணக்கம்.

விடுமுறைப் பயணிகளை ஏற்றிச்செல்லும் சார்ட்டர் விமானங்களுக்கு ‘அட்டவணையில்லா விமானம்’, ‘குத்தகை விமானம்’, ‘சுற்றுலா விமானம்’ என மூன்று தமிழ்ச் சொற்கள் நம் சொற்பட்டியலுக்காக இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘அமர்த்து விமானம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

முதல் சொல் பொருளையே பிறழ உணர்த்துகிறது. இங்கிலாந்திலிருந்து மத்தியதரைக்கடல் தீவுகளுக்குக் கோடை முழுவதும் வாரந்தோறும் குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் பறந்தவையும் சார்ட்டர் விமானங்களே. இருக்கைகளைப் பயணியிடம் தனித்தனியாக விற்காமல், ஏற்பாட்டாளர் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுவதே இவற்றின் இயல்பு. 1950 மே மாதம் சுற்றுலா ஏற்பாட்டாளர் விளாதிமிர் ரைட்ஸ் ஒரு டகோட்டா விமானத்தை அமர்த்தி, காட்விக்கிலிருந்து கோர்சிகாத் தீவின் கால்விக்குப் பயணிகளை அனுப்பினார். விமானம், கூடாரத்தில் தங்கல், உணவு அனைத்துக்கும் சேர்த்து ஆளுக்கு 32 பவுண்டு 10 ஷில்லிங் வாங்கினார். இருக்கை காலியாகப் போனால் இழப்பு அவருக்குத்தான்.

நம் பக்கத்து வழக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் செல்லும் குடும்பத்தார் பென்னாகரம் வழிப் பேருந்தில் ஏறினால் ஆளுக்கொரு டிக்கெட் எடுக்க வேண்டும். வேன் பேசிக்கொண்டு போனாலோ, கடைசி நேரத்தில் நான்கு பேர் வராமல் நின்றுவிட்டாலும் பேசிய வாடகை குறையாது. வாய்மொழியில் ‘வண்டி பேசுவது’ எனப்படுவதையே எழுத்தில் ‘வண்டி அமர்த்துதல்’ என்கிறோம்.

‘குத்தகை’ என்னும் சொல்லை நாம் செலவழித்துவிடக் கூடாது. சார்ட்டர் விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் விமான அணியைப் பற்றி எழுதப் புகுந்தால் அதன் தேவை உடனே தெரியும். ஐரோப்பாவில் கோடையிலும் கனடாவில் குளிர்காலத்திலும் விடுமுறைக் கூட்டம் மிகுவதால், ஐரோப்பியச் சுற்றுலா நிறுவனமான டூயி குழுமமும் கனடாவின் சன்விங் நிறுவனமும் போயிங் 737 விமானங்களைப் பருவத்துக்கேற்ப ஒன்றுக்கொன்று குத்தகைக்கு விட்டுவந்தன. ‘குத்தகை நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது’ என்று அதை எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? விமானத்தை மட்டும் எடுப்பதை ‘வெறுங்குத்தகை’ என்றும், பணிக்குழு, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றோடு எடுப்பதை ‘முழுக்குத்தகை’ என்றும் பிரிக்கவும் அச்சொல் நமக்கு வேண்டும்.

‘அமர்த்து விமானம்’ வினைத்தொகை. அமர்த்திய, அமர்த்துகின்ற, அமர்த்தும் என முக்காலத்துக்கும் விரியும். ஆகவே ‘அமர்த்து பயணம்’, ‘அமர்த்து கட்டணம்’ என வல்லினம் மிகாமல் எழுத வேண்டும் என்பதைச் சொற்பட்டியலில் குறித்துவிடலாம்.

‘சுற்றுலா விமானம்’ கேட்க இனிமையாக இருந்தாலும் அமர்த்துவோர் எப்போதும் சுற்றுலா நிறுவனத்தார் அல்லர். 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக் நொடித்தபோது வெளிநாடுகளில் சிக்கிய ஏறத்தாழ 1,50,000 பிரிட்டன் பயணிகளை அழைத்துவர, அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமே பல நிறுவனங்களின் விமானங்களை அமர்த்தியது. தாமஸ் குக், ஜெர்மனியின் காண்டோர் போன்ற விமான நிறுவனங்கள் தனி இருக்கைகளையும் விற்றன என்ற மறுப்பு நியாயமானதே. அத்தகையவற்றுக்கு ‘விடுமுறை விமான நிறுவனம்’ என்ற விரிந்த சொல்லைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுச் சொல் முன்வைப்போர், அதைக் குத்தகையோடு ஒரே வாக்கியத்தில் அமைத்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.