ஆஹோ பாலைவனத்தில் கதவைத் தட்டியவர்

அமெரிக்க-மெக்சிகோ எல்லையோரப் பாலைவனத்தில் மோட்டார் ஹோமில், அதாவது வீடுபோல வசதி உள்ள வண்டியில், தங்கப் பயமாக இல்லையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு ஜனவரி மாதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆஹோ ஊருக்குத் தெற்கே, டார்பி வெல் சாலையோரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். அரசு நிலம், 14 நாள்வரை கட்டணமில்லாமல் தங்கலாம். மெக்சிகோ எல்லை சுமார் 60 கிலோமீட்டர். பகல் வெயில் இதமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் குளிர் எலும்பைத் தொடும். ஹீட்டரின் மின்விசிறி விடிவதற்குள் பேட்டரியைத் தீர்த்துவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டு இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொள்வோம்.

நான்காம் நாள் விடியற்காலை யாரோ கதவைத் தட்டினார்கள், ரொம்ப மெதுவாக. என் வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். தட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய், இரண்டு கைகளும் தெரியும்படி தூக்கிக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். இருபது வயதுக்கு மேல் இருக்காது. "அகுவா" என்றான். ஸ்பானிஷில் தண்ணீர்.

கொடுத்தோம். மடமடவென்று குடிக்காதே என்று சைகை காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். ரகசியமாக எல்லை தாண்டி வந்தவன் என்று புரிந்தது. அவன் கையிலிருந்த காலி கேன் கறுப்பு நிறம். வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கறுப்பு. ஷூவுக்கு மேல், அடியில் கம்பளம் வைத்துத் தைத்த உறை. மண்ணில் தடம் விழாமலிருக்க. எல்லைக் காவலர்கள் மண் சாலையில் வண்டிக்குப் பின்னால் டயர்களைக் கட்டி இழுத்துச் சமப்படுத்திவிட்டு, அதன்மேல் விழும் புதுத் தடங்களைத் தேடுவார்கள். முந்தின நாள்தான் அந்த இழுத்த கோடுகளை அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்திருந்தேன்.

கெண்டைக்கால் முழுக்கச் சோய்யா என்ற முள் கள்ளி ஒட்டியிருந்தது. அதைக் கையால் பிடுங்கினால் விரலிலும் ஏறிக்கொள்ளும். என் சீப்பை எடுத்து, பற்களைக் கள்ளித் துண்டுக்கு அடியில் கொடுத்து ஒவ்வொன்றாய்த் தெறிக்கவிட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூன்று நாள் என்று விரலைக் காட்டினான். முழங்கால் வீங்கியிருந்தது. அப்புறம் அவனே "மிக்ரா" என்று சொல்லி, காதில் கையை வைத்துக் காட்டினான். எல்லைக் காவலரைக் கூப்பிடுங்கள் என்கிறான். இனி நடக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தோம்.

ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று எனக்குத் தவிப்பு. ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் குற்றமாகிவிடலாம். இதே ஆஹோவில் 2018 ஜனவரியில், இப்படி எல்லை தாண்டி வந்த இரண்டு பேருக்குச் சோறும் தண்ணீரும் தங்க இடமும் கொடுத்த தன்னார்வலர் ஒருவர் கைதானார். குற்றமற்றவர் என்று ஜூரி சொல்ல 2019 நவம்பர் ஆயிற்று.

காவலர்கள் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை எங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கம்பளியை நான்காக மடித்து, அதன்மேல் சீப்பை வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் உங்கள் தேவைக்கு மேல் இரண்டு கேன் தண்ணீர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது அதைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.