புதுப்பிப்பு: டர்போ 350 சீக்கிரமே கியர் மாறிய கதை

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும், டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பூட்டிய எங்கள் டிராக் ரேஸ் செவர்லே 4,500 ஆர்பிஎம்மிலேயே இரண்டாவது கியருக்குத் தாவுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். மாடுலேட்டரை (எஞ்சின் சுமைக்கேற்ப கியர் மாறுவதைத் தள்ளிப்போடும் வெற்றிடக் கருவி) திருகச் சொன்ன அண்ணன்மாருக்கு: அதன் அதிகாரம் பாதி மிதி வரைதான். முழு மிதியில் கவர்னர் (வண்டி வேகத்துக்கேற்ப எண்ணெய் அழுத்தம் தந்து கியரை மாற்றவைக்கும் சுழல் கருவி) வைத்ததுதான் சட்டம்.

அதனால் கவர்னரைக் கழற்றி, எடைத்துண்டுகளை இருபக்கமும் ஒரே அளவாக, கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். எடை குறைந்தால் அதே அழுத்தம் வர வண்டி இன்னும் வேகமெடுக்க வேண்டும், கியரும் தாமதமாக மாறும். இப்போது 5,500. முதல் கியரின் விகிதம் 2.52, இரண்டாவதன் விகிதம் 1.52, ஆகவே கியர் மாறியதும் எஞ்சின் சுழற்சி, டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) நழுவலைச் சேர்க்காமல், 3,300 சொச்சத்துக்கு இறங்கும். இன்னும் ஏற்றலாம்தான், ஆனால் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங் பழசு, அதிக சுழற்சியைத் தாங்காது, வேண்டாம்.

அப்புறம், ஊட்டியில் எடுத்த ஓட்ட நேரத்தை நம்பாதீர்கள். 2,240 மீட்டரில் காற்று மெலிசு, கார்பரேட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் மிஞ்சிவிடும். அதற்காக ஊட்டியில் போட்ட சின்ன ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றிவிட்டுத்தான் கோவைக்கு இறங்க வேண்டும்.