ஓனர் போய்விட்டார், பிரைவேட் சேனலில் ஆள் சேர்க்க முடியவில்லை

மல்லாவிப்பிள்ளை:
கிளிநொச்சியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கும் கணினியும் என் தலையில். ஆட்கள் கூடிப் பேசவும் பைல் வைக்கவும் பாவிக்கிற மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் 'பயனாளி தெரிவு' என்றொரு பிரைவேட் சேனல் இருக்கிறது, சேர்த்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு நிலை எல்லாம் அதற்குள்தான். தொடங்கிய அண்ணை, ஆள் சேர்க்கும் உரிமையுள்ள ஓனராகத் தன்னை மட்டுமே வைத்திருந்தார். போன மாதம் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். அவருடைய டீம்ஸ் கணக்கை இன்னும் மூடவில்லை. ஒட்டுசுட்டானுக்கு வந்த புதுக் கள அலுவலரைச் சேர்க்க வேண்டும். அந்தச் சேனல் இருக்கிற டீமுக்கு (முழுக் குழுவுக்கு) ஓனர் நான், ஆனால் சேனலின் பெயர்தான் தெரிகிறது, உள்ளே போக விடுகிறதில்லை.

அந்தத் தம்பி பட்டியலை வாட்ஸ்அப்பில் கேட்கிறார், முகாமையாளரும் அனுப்பிவிடுவார் போலிருக்கிறது. எனக்குப் பயம். முன்பு ஒருமுறை அப்படிப் போன பட்டியல் கைமாறி, முடிவாகும் முன்பே ஓர் அம்மா கந்தோர் வாசலில் வந்து நின்றார். "என்ர பேரை ஏன் பிள்ளை வெட்டினனீங்கள்?" கையில் யாரோ கொடுத்த போன், திரையில் எங்கள் எக்செல் தாள். மஞ்சள் பூசிய வரி அவருடையது.

வவுனியாக்காரன்:
டீம் ஓனருக்குப் பெயர் தெரியும், அழிக்கவும் முடியும், வாசிக்க முடியாது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். தவறி அழித்துவிடாதீர்கள்! அண்ணையின் கணக்கை நீக்கியிருந்தால் சேனலின் உள்ளே இருக்கும் ஒருவர் தானாகவே ஓனராகியிருப்பார். இப்போதைக்கு, அட்மின் உரிமை உள்ளவர் டீம்ஸ் அட்மின் சென்டரில் (நிறுவனத்தின் டீம்ஸை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) உங்கள் டீமைத் திறந்து, அந்தச் சேனலுக்கு வேறு ஓனரைப் போடலாம். இரண்டு பேரைப் போடுங்கள். அண்ணையிடம் பாஸ்வேர்ட் கேட்கிற வேலை வேண்டாம்.

குளக்கட்டு:
ஒன்று கவனியுங்கோ அக்கா. தம்பியை முதலில் டீமில் சேர்த்தால்தான் சேனலில் சேர்க்கலாம். சேர்த்த உடனே தொடக்கத்திலிருந்து எழுதிய எல்லாமே அவருக்குத் தெரியும், பைல்களும்தான். ஒட்டுசுட்டான் பட்டியல் மட்டும் போதுமென்றால் அதற்குத் தனிச் சேனல் திறப்பது நல்லது. பிரைவேட் சேனலின் பைல்கள் தனி ஷேர்பாயிண்ட் தளத்தில் (மைக்ரோசாஃப்டின் பைல் வைக்கும் இடம்) கிடக்கும். அங்கே யாராவது லிங்க் பகிர்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கோ.

மல்லாவிப்பிள்ளை:
சரி, அட்மின் கணக்கும் என்னிடம்தானே இருந்தது! முகாமையாளரையும் என்னையும் ஓனராக்கி, அண்ணையை எடுத்துவிட்டேன். குளக்கட்டு சொன்னது சரி: லிங்க் கிடைத்தவர் யாரும் திறக்கலாம் என்று ஒரு பைல் கிடந்தது. அந்தப் பழைய மஞ்சள் வரித் தாளேதான். மூடிவிட்டேன். தம்பிக்குத் தனிச் சேனல். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறிச் சிக்னல் பிடித்து "வந்திட்டுது அக்கா" என்றார்.