பவர்சேவ் 0 என்றால் ஆஃபா? யார் சொன்னது?

கர்னல்மாமா:
"லினக்ஸில் வைஃபை அறுந்துகொண்டே இருந்தால் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை.பவர்சேவ் = 0 போடுங்கள், தீர்ந்தது" என்று நேற்று ஒருவர் அருள்வாக்கு சொல்ல, கீழே நன்றி மழை. பவர்சேவ் என்பது வைஃபை கார்டைத் தூங்கவைத்து மின்சாரம் மிச்சம்பிடிக்கும் வசதி; அதை 0 அணைக்காது ஐயா. 0 இயல்நிலை, 1 கைவைக்காதே, 2 அணை, 3 போடு. அணைக்க 2.

டக்ஸ்தம்பி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, கூச்சம் எதற்கு? 0 என்றால் ஆஃப், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 0 போட்டுவிட்டு 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 கெட் பவர்_சேவ்' அடித்துப் பாருங்கள். ஆஃப் என்றுதான் காட்டுகிறது.

கர்னல்மாமா:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 0 போட்டால் நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும், கார்டை இயக்கும் டிரைவர் வைத்த நிலையே நிற்கும். உங்கள் டிரைவர் அணைத்தே வருகிறது, அதனால் ஆஃப். போட்டே வரும் டிரைவர்களும் இருக்கின்றன. அங்கே 0 எழுதினால் கார்டு தூங்கித் தூங்கி விழிக்கும். ரவுட்டருக்குப் பிங் அடித்தால் பதில் வரும் நேரம் 2 மில்லிசெகண்ட், அடுத்தது 90, அடுத்தது 140 என்று குதிக்கும். எனவே 2.

இதே தம்பிதான் முன்பு எல்லோரையும் வைஃபையின் வேகமான 11என் முறையையே அணைக்கும் 11என்_டிசேபிள்=1 போடச் சொன்னவர். வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் எத்தனை பேர் முழித்தார்கள்!

டக்ஸ்தம்பி:
இணைப்பு அறுவது நின்றதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

அலைவரிசை:
லாக் பார்க்காமலேயே சண்டையா? 'ஜர்னல்சிடிஎல் -கே' அடித்து, லினக்ஸின் மையமான கர்னல் எழுதிய லாக்கில், துண்டிப்பு வரியில் ரீசன் (காரண) எண்ணைப் பாருங்கள். 4 என்றால் கார்டிடமிருந்து சத்தமே இல்லை என்று ரவுட்டர் கழற்றிவிட்டது. அங்கே பவர்சேவைச் சந்தேகிக்கலாம். 15 என்றால் மறையாக்கச் சாவிப் பரிமாற்றம் நேரத்துக்குள் முடியவில்லை. சிக்னல் -80 டிபிஎம்முக்குக் கீழே பலவீனமாகக் கிடந்தால் எந்தப் பவர்சேவ் எண்ணும் உதவாது. யூஎஸ்பி 3 டிஸ்க் பக்கத்தில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் வரும். டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கர்னல்மாமா:
அதெல்லாம் சரி. ஆனால் 2.

சொல்லாய்வன்:
வைஃபை அல்ல, அருகலை. கர்னல் அல்ல, கருனி. தமிழில் விவாதிக்கிறோம் என்ற நினைவு யாருக்காவது உண்டா?

டக்ஸ்தம்பி:
கருனிமாமா! பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பொட்டலம்64:
என்னுடையது உபுண்டு லினக்ஸ். 2 போட்டு ரீபூட்டும் செய்தாயிற்று, இன்னும் ஆன் என்றே காட்டுகிறது. கோப்பு: நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் கான்ஃப்.டி-க்குள் 99-பவர்சேவ்.கான்ஃப்.

டக்ஸ்தம்பி:
மாமாவின் 2 எங்கே போயிற்று? 😂

கர்னல்மாமா:
சிரிக்குமுன் படியுங்கள். அந்தக் கோப்புகள் ஆஸ்கி வரிசையில் வாசிக்கப்படும், கடைசியில் வந்ததே செல்லும். உபுண்டு வைத்திருக்கும் கோப்பு 'டிஃபால்ட்-' என்று தொடங்குகிறது, அதில் 3. எண் எழுத்துக்கு முன்னால் வரும் என்பதால் உங்கள் 99 முதலில் போய், பின்னால் வந்த 3 அதை அழித்துவிட்டது. 99 பெரிய எண், கடைசியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. பெயரை 'ஸெட்ஸெட்-' என்று மாற்றி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி இணைத்துப் பாருங்கள்.

டக்ஸ்தம்பி:
ஆக, 2 மட்டும் போதாது என்று நீங்களே ஒத்துக்கொண்டாயிற்று.

கர்னல்மாமா:
எங்கே ஒத்துக்கொண்டேன்? வரியைக் காட்டும். 0 அணைக்காது. 2 அணைக்கும்.

சொல்லாய்வன்:
ரீஸ்டார்ட் அல்ல, மறுதொடக்கம்.

டக்ஸ்தம்பி:
என் கணினியில் 0-தான் இருக்கிறது, ஆஃப்தான் காட்டுகிறது. மாற்றப்போவதில்லை.