கிரேக்கர்கள் தங்கள் புராணக் கதைகளை உண்மையிலேயே நம்பினார்களா?

நீலவானம் (கேள்வி):

கொஞ்ச நாளாகப் பழைய கிரேக்கக் கவிஞர்கள் ஹோமரும் ஹெசியாடும் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கிறது. தெய்வங்களின் அரசன் ஜியூஸ் பெற்ற அப்பனையே பாதாளத்தில் தள்ளுகிறான், கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் ஏமாற்றுகிறான், அவன் மனைவி ஹீரா அந்தப் பெண்கள்மேலேயே பழி தீர்க்கிறாள். இவர்களுக்கா ஊருக்கு ஊர் கோயில் கட்டி மாடு பலி கொடுத்தார்கள்? இந்தக் கேள்வி அவர்களுக்கே வந்திருக்கிறது என்பதுதான் இன்னும் குழப்பம். மனிதர்கள் செய்தால் இழுக்கு என்று சொல்லக்கூடிய திருட்டு, கள்ள உறவு, வஞ்சகம் எல்லாவற்றையும் ஹோமரும் ஹெசியாடும் தெய்வங்களின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று செனோஃபனீஸ் என்கிற கிரேக்கச் சிந்தனையாளர் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அவர் பிறந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டில். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்தால் அவையும் தெய்வத்தைத் தங்கள் உருவத்தில்தான் வரையும் என்றும் சொன்னவர் அவர்.

இப்படியெல்லாம் யோசித்த ஒரு சமூகம் அதற்கப்புறமும் பல நூறு வருடங்கள் அந்தக் கதைகளை விடவில்லையே, ஏன்? இடி மின்னல் எதனால் வருகிறதென்று தெரியாத காலம், அதனால் கதை கட்டினார்கள் என்கிற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை.

பழைய_ஏடு:

அந்த வழக்கமான பதிலை நானும் ஏற்பதில்லை. கிரேக்கர்களுக்கு வேதம் மாதிரி ஒரே புனித நூல் கிடையாது, இதை நம்புகிறேன் என்று உறுதிமொழி சொல்லும் வழக்கமும் கிடையாது. தெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதுதான் முக்கியம். கதைகள் அந்தச் சடங்கையும் ஊரையும் ஒட்டியே வாழ்ந்தன. நீங்கள் ஹெசியாட் படிக்கிறீர்கள் என்பதால் மனிதர்கள் பக்கம் நின்ற ப்ரொமீதியஸ் மாட்டைப் பங்கு போடும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். நல்ல கறியை இரைப்பைக்குள் மறைத்துவிட்டு, வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி வைக்கிறான். ஜியூஸ் எலும்பை எடுக்கிறான். பலிக்குப் பிறகு எலும்பும் கொழுப்பும் தெய்வத்துக்குப் புகையாகப் போக, கறியை மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கத்துக்கு அதுதான் காரணக் கதை. ஒவ்வொரு விருந்திலும் அந்தப் பங்கீடு கண்முன்னால் நடக்கிறது. அதை நம்புகிறாயா என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் போரியஸ், வடகாற்றுத் தெய்வம். ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள் ஓரிதியாவை அவன் ஈலிசஸ் ஆற்றங்கரையிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டான் என்பது கதை. கி.மு. 480இல் பாரசீகக் கப்பல்படை வந்தபோது, "உங்கள் மருமகனை உதவிக்குக் கூப்பிடுங்கள்" என்று தெய்வக் குறி வந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஏதென்ஸ்காரர்கள் தங்கள் ஊர் மாப்பிள்ளை என்று போரியஸை நினைத்து அவனுக்கும் ஓரிதியாவுக்கும் பலி கொடுத்து வேண்டினார்கள். புயல் அடித்தது, குறைந்த கணக்கில் 400 கப்பல் போனது என்கிறார். ஊர் திரும்பியதும் அதே ஈலிசஸ் கரையில் போரியஸுக்குக் கோயில் எழுப்பினார்கள். ஆயிரக்கணக்கான பேர் உயிர் பிழைத்த ஒரு நிகழ்வோடு அந்தக் கதை இப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் அந்தப் பக்கமாகத்தான் நடந்துபோகிறார். கூட வந்த இளைஞன் ஃபீட்ரஸ், நீங்கள் இந்தக் கதையை நம்புகிறீர்களா என்று, ஏறக்குறைய உங்கள் கேள்வியையே கேட்கிறான். காற்று அந்தப் பெண்ணைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டிருக்கும் என்று கெட்டிக்காரத்தனமாக விளக்கலாம், ஆனால் அப்படி ஆரம்பித்தால் குதிரை உடல் மனிதர்கள், சிறகு முளைத்த குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேட வேண்டிவரும், என்னையே நான் இன்னும் அறியவில்லை, எனக்கு அதற்கு நேரமில்லை, வழக்கமாகச் சொல்வதை ஏற்றுக்கொண்டு போகிறேன் என்கிறார். செனோஃபனீஸின் கோபமும் சாக்ரடீஸின் இந்தப் பொறுமையும் ஒரே பண்பாட்டுக்குள்தான் இருந்தன.

கடலோடி:

பழைய_ஏடு சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். கதைகள் ஏதோ தானாக ஊரோடு ஒட்டிக்கொண்டன என்பது போல வருகிறது. ஒட்டவைத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தேவைகளும் இருந்தன. ஏதென்ஸின் புராண அரசன் தீசியஸின் எலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 470களில் ஏதென்ஸ் தளபதி கீமோன் ஸ்கைரோஸ் தீவைப் பிடிக்கிறார். கடல் வழிக்கு நல்ல இடம், அங்கிருந்தவர்களைத் துரத்திவிட்டு ஏதென்ஸ்காரர்களைக் குடியேற்றுகிறார்கள். அதே தீவில்தான் தீசியஸ் செத்தான் என்று கதை, எலும்பைக் கொண்டுவரச் சொல்லி டெல்ஃபி கோயிலின் குறியும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கழுகு மேட்டைக் கொத்திக் காட்டியதாம், தோண்டினால் பெரிய உடல் ஒன்றின் பேழை, பக்கத்தில் வெண்கல ஈட்டியும் வாளும். பிற்காலத்து எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் விவரம் இது. கப்பலில் வந்த எலும்புகளை ஊர்வலம் எடுத்து, பலி கொடுத்து, தீசியஸே திரும்பி வந்தது போல வரவேற்றார்கள். ஒரு படையெடுப்பு முன்னோரை வீட்டுக்கு அழைத்துவந்த புண்ணியமாக மாறிவிட்டது. அதிகாரத்தில் இருந்தவர்களுக்குப் புராணம் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லாமல் பண்பாடு என்று மட்டும் பேசினால் எனக்கு மனசு ஒப்பாது.

தென்றல்:

கடலோடி, அதே புளூட்டார்க் அடுத்ததாக எழுதுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏதென்ஸ் நடுவே இருந்த அந்தச் சமாதி, ஓடிவந்த அடிமைகளுக்கும் பலசாலிகளுக்குப் பயந்த எளியவர்களுக்கும் தஞ்சம் புகும் இடமாக இருந்தது. கீமோனின் தேவைக்காக வந்த எலும்புதான். ஆனால் வந்தபிறகு வேறு ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீலவானம், கதைகளை அவர்கள் ஏன் விடவில்லை என்று கேட்டீர்கள். அவற்றை மாற்ற முடிந்ததால்தான் என்று நினைக்கிறேன். ஹோமரில் ஈடிபஸ், அப்பனைக் கொன்று தாயையே மணந்த உண்மை தெரிந்தபிறகும், தீப்ஸை ஆண்டுகொண்டுதான் இருக்கிறான், கண்ணைக் குத்திக்கொள்வதெல்லாம் அங்கே இல்லை. யாசோன் என்கிற வீரன் கைவிட்ட மனைவி மீடியா இன்னும் வலிக்கிற உதாரணம். கொரிந்துக்காரர்களே அவள் பிள்ளைகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பயண எழுத்தாளர் பௌசானியாஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார், அந்தச் சாவுக்குப் பரிகாரமாக வருடந்தோறும் பலி கொடுத்ததையும், கொரிந்துப் பிள்ளைகள் முடியை வெட்டிக் கறுப்பு உடுத்தியதையும் சேர்த்து. ரோமானியர்கள் ஊரை அழிக்கும்வரை அது நடந்ததாம். கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் நாடகத்தில் கொல்வது தாய். அந்த மாற்றமே அவருடையதுதான் என்று கருதும் அறிஞர்கள் பலர் உண்டு. அன்னிய ஊரில் கைவிடப்பட்ட ஒரு பெண், கல்யாணம் பெண்களுக்கு என்ன செய்கிறது என்று ஏதென்ஸ் ஆண்கள் முன்னால் நின்று பேசுகிறாள். போட்டியில் அந்த வருடம் யூரிப்பிடீஸுக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி. ஆனாலும் இன்று மீடியா என்றால் நமக்குத் தெரிவது அவர் எழுதிய மீடியாதான்.

நீலவானம்:

மூன்று பேருக்கும் நன்றி. மருமகன் கதை எனக்குப் புதிது, ரொம்பப் பிடித்திருந்தது. இன்னும் ஒன்று கேட்கிறேன். ஆளாளுக்குக் கதையை மாற்றலாம் என்றால், அப்புறம் அதற்கு என்ன மதிப்பு?

பழைய_ஏடு:

நினைத்தபடியெல்லாம் மாற்ற முடியாது, மீடியாவை யாசோனோடு சந்தோஷமாகக் குடும்பம் நடத்த வைத்தால் பார்ப்பவர்கள் ஏற்கமாட்டார்கள். கதையின் எலும்புக்கூடு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும், அதற்குள் எங்கே அழுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம். கி.மு. 462 வாக்கில் எஃபியால்டிஸ் என்கிற ஏதென்ஸ் அரசியல்வாதி, அரியோபகஸ் என்கிற பழைய மேட்டுக்குடி மன்றத்தின் அதிகாரங்களைப் பறிக்கிறார், கொலை வழக்கு விசாரணை போன்ற சிலதுதான் மிச்சம். கொஞ்ச நாளில் அவரே கொலையாகிறார். ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. கி.மு. 458இல் ஏஸ்கிலஸ் மேடையேற்றும் நாடகத்தில் ஊரின் தெய்வம் அத்தீனா அந்த மன்றத்தையே உருவாக்குகிறாள், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸை விசாரிக்க. ஓட்டு சமமாகிறது, அவன் விடுதலை. பழிவாங்க வந்த தெய்வங்கள் ஊரையே நாசமாக்குவோம் என்று மிரட்ட, அத்தீனா பேசிப்பேசிச் சமாதானப்படுத்தி, அவர்களுக்கு ஏதென்ஸிலேயே இடமும் மரியாதையும் தருகிறாள். நாலு வருடத்துக்கு முன்னால் அந்த மன்றத்துக்காக அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கும்.

கடலோடி:

ஒரெஸ்டிஸ் பற்றி இது எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எஃபியால்டிஸை யார் கொன்றது என்பது பற்றி அங்கேயே கருத்து வேறுபாடு இருந்தது, அதைத் தனி இழையில் பேசலாம்.